வேகம் கூடவில்லை, விசிறி பெருத்தது: பயணிகள் ஜெட் விமானத்தின் எழுபது ஆண்டுகள்

மணலி சுத்திகரிப்பு ஆலையின் வடிகோபுரத்துக்குள் சூடேற்றிய கச்சா எண்ணெய் நுழையும்போது, நாப்தா மேலேயும் டீசல் கீழேயும் பிரிந்துவிட, இரண்டுக்கும் இடைப்பட்ட தட்டுகளில், ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கொதிக்கும் ஒரு பகுதி தனியே வடிகிறது. தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் ஒரு தலைமுறை ரேஷன் கடை வாசலில் கேனை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து வாங்கிய கிருஷ்ணாயில், நீலச் சாயம் கலந்த இந்தப் பகுதிதான். இதையே கந்தகச் சேர்மங்கள் நீங்கச் சுத்தப்படுத்தி, மைனஸ் 47 டிகிரி வரை உறையாது என்று சோதித்து, ஈரமும் தூசியும் இல்லாமல் வடிகட்டினால் அது ஜெட் விமானத்தின் எரிபொருளாகிவிடுகிறது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் கூட்டாக 1965-இல் உருவாக்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. இன்றைய சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் அதன் தொடர்ச்சி. முன்பு டேங்கர் லாரிகள் சுமந்து சென்ற விமான எரிபொருள், இப்போது மணலியிலிருந்து மீனம்பாக்கம் வரை நிலத்தடிக் குழாயிலேயே போய்ச் சேர்கிறது.

பயணிகள் ஜெட் விமானத்தின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் வேகத்திலிருந்தே தொடங்குவார்கள். மண்ணெண்ணெயிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1958-இல் சேவைக்கு வந்த போயிங் 707-ஐயும் இன்றைய ஏர்பஸ் ஏ350-ஐயும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, அதன் அடியில் தொங்கும் எஞ்சின்கள், காற்றழுத்தம் ஏற்றிய குழாய் வடிவ உடல் என அடிப்படை உருவம் இரண்டிலும் ஒன்றே. வேகமும் ஏறத்தாழ அதே அளவுதான். இரண்டும் ஒலியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டிப் பறப்பவை, நம் உள்நாட்டுத் தடங்களில் ஓடும் ஏ320 அன்றைய 707-ஐவிடச் சற்று மெதுவாகவே போகிறது. இத்தனை ஆண்டுகளில் பெரிதாக மாறியிருப்பது, ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எரியும் மண்ணெண்ணெயின் அளவு. முதல் தலைமுறை ஜெட்களோடு ஒப்பிட்டால் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அந்த இறக்கம் எப்படிச் சாத்தியமாயிற்று, அதற்கு எங்கெங்கே என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இரண்டாம் உலகப்போரின்போதே பிஸ்டன் எஞ்சின் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. வேகம் கூடக்கூடப் புரொப்பல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கித் திறனை இழக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை இடைவிடாமல் எரித்து, விரிந்து வெளியேறும் வாயுவால் டர்பைனைச் சுழற்றி, மிச்சமுள்ள விசையைப் பின்னால் பீய்ச்சி முன்னே செல்லலாம் என்ற எண்ணத்துக்கு இங்கிலாந்தின் ஃபிராங்க் விட்டில் 1930-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். ஆனால் ஜெட் எஞ்சினால் முதலில் பறந்தது, ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் உருவாக்கிய எஞ்சினைத் தாங்கிய ஹைன்கல் விமானம்; அந்த நாள் 1939 ஆகஸ்ட் 27. பிஸ்டன் எஞ்சினுக்குத் தேவையான உயர்தரப் பெட்ரோல் இந்த எஞ்சினுக்கு வேண்டியதில்லை. ஒருமுறை பற்றவைத்தால் தீ தொடர்ந்து எரிந்துகொண்டிருப்பதால் மண்ணெண்ணெயே போதும். அது 38 டிகிரிக்குக் கீழே எளிதில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி தராது என்பதால் பெட்ரோலைவிடப் பாதுகாப்பானதும்கூட.

அந்த எண்ணெயை விமான நிலையத்தில் எவ்வளவு கவனமாகக் கையாளுகிறார்கள் என்பதை ஒரு சிறு சோதனை காட்டிவிடும். எரிபொருள் நிரப்பும் ஊழியர் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து, சுழற்றிவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். அடியில் குமிழாகத் தண்ணீரோ, கலங்கலோ, மிதக்கும் துகளோ இருக்கக்கூடாது. பிறகு ஊசியில்லாத ஊசிக்குழலின் முனையில் ஒரு சிறு வில்லையைப் பொருத்தி எரிபொருளை உறிஞ்சுவார். கண்ணுக்குத் தெரியாத அளவு தண்ணீர் கலந்திருந்தாலும் அந்த வில்லையின் மஞ்சள் நிறம் பச்சையாக மாறிவிடும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இருக்கும். அங்கே எரிபொருளில் கலந்த ஈரம் பனித்துகளாகி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி.

முதல் பயணிகள் ஜெட்டான பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காமெட், 1952 மே 2-ஆம் தேதி லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்டது. அதில் 36 பேர் உட்காரலாம். நான்கு எஞ்சின்களும் இறக்கையின் வேரிலேயே புதைந்திருந்தன. அதிர்வில்லாமல், மேகங்களுக்கு மேலே, பழைய விமானங்களைவிடப் பல மணி நேரம் முன்னதாகப் போய் இறங்கிய இந்த விமானம் அதே ஆண்டில் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் வரத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து கிளம்பிய காமெட் ஒன்று சில நிமிடங்களில் இடிமழைக்குள் சிதறியது. 43 பேர் இறந்தனர். புயலின் மேல் பழி விழுந்தது. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே இன்னொன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே மற்றொன்று என்று அடுத்தடுத்துச் சிதறியபோது வானிலை மோசமாக இல்லை. பழி போடப் புயல் இல்லை.

ஃபார்ன்பரோவில் உள்ள அரசு ஆய்வுக்கூடத்தார் இதைக் கண்டுபிடித்த முறை, பொறியியல் வரலாற்றில் மிகப் பொறுமையான துப்பறிதல்களில் ஒன்று. பறந்து பழகிய ஒரு காமெட்டின் முழு உடலையும் ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்து, உள்ளும் புறமும் தண்ணீர் நிரப்பி, உள்ளே மட்டும் அழுத்தத்தை ஏற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஒரு பயணத்துக்குச் சமம். காற்றை ஏற்றினால் உடல் வெடித்துச் சிதறும், தடயம் அழியும். தண்ணீர் அமுங்காது என்பதால் விரிசல் விட்ட இடத்திலேயே நின்றுவிடும். உண்மையில் பறந்ததையும் தொட்டியில் பட்டதையும் சேர்த்து 3,057-ஆவது சுழற்சியில் உடல் கிழிந்தது. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உடல் சற்று உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது. திறப்புகளின் மூலையில் தகைவு, அதாவது உலோகத்தை இழுக்கும் விசை, குவிந்து, ஆணித்துளையில் மயிரிழை அளவு விரிசல் பிறந்து, பயணத்துக்குப் பயணம் நீண்டு, ஒருநாள் நொடிப்பொழுதில் உடல் முழுக்க ஓடிவிடுகிறது. உலோகச் சோர்வு எனப்படுவது இதுதான். ‘சதுர ஜன்னலால் விழுந்த விமானம்’ என்று காமெட்டைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். தொட்டியில் கிழிந்தது ஜன்னல் வரிசையில் இருந்த ஒரு திறப்பின் மூலை. ஆனால் எல்பா அருகே விழுந்த விமானத்தில் முறிவு தொடங்கிய இடம், கூரையில் வானொலி ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பை ஒட்டியிருந்தது. அதன் பிறகு வந்த எந்த விமானத்திலும் கூர் மூலைத் திறப்பு கிடையாது. ஒரு விரிசல் விழுந்தாலும் அடுத்த சட்டத்தில் அது தடுக்கப்பட வேண்டும் என்பது வடிவமைப்பின் விதியாயிற்று.

இந்தத் தடுமாற்றத்துக்கு இடையே, 1956 செப்டம்பரில் சோவியத் ஒன்றியத்தின் துபோலெவ் 104 சேவைக்கு வந்து, ஈராண்டுக்கு மேல் உலகில் பறந்த ஒரே பயணிகள் ஜெட்டாக இருந்தது. காமெட்டும் திருத்தங்களோடு 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஆனால் அதற்குள் வட அமெரிக்காவில் காலம் மாறிவிட்டது. போயிங் தன் சொந்தப் பணத்தில் 1.6 கோடி டாலர் போட்டுக் கட்டிய சோதனை விமானம் 1954 ஜூலையிலேயே பறந்திருந்தது. அதன் வழித்தோன்றலான 707 விமானத்தை 1958 அக்டோபர் 26 அன்று பான் அமெரிக்கன் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குச் செலுத்தியது.

707 கொண்டுவந்த மிக முக்கியமான ஏற்பாடு, எஞ்சினை இறக்கையின் அடியில், சற்று முன்னே நீட்டித் தொங்கவிட்டது. போயிங்கின் குண்டுவீச்சு விமானத்திலிருந்து வந்த யோசனை இது. எஞ்சினின் எடை கீழ்நோக்கி இழுப்பதால், பறக்கும்போது மேல்நோக்கி வளைய முயலும் இறக்கைக்குச் சுமை குறைகிறது; அதனால் இறக்கையை இலேசாகக் கட்டலாம். எஞ்சின் தீப்பிடித்தால் உடலுக்கும் எரிபொருள் தொட்டிக்கும் தொலைவில் இருக்கும். பழுது பார்க்க மூடியைத் திறந்தால் போதும். எல்லாவற்றையும்விட, பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சினை மாட்ட இடம் இருந்தது. காமெட்டின் இறக்கை வேருக்குள் புதைந்த எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. அடுத்த அறுபது ஆண்டுக் கதை முழுவதும் இந்த ஒரு வசதியைச் சுற்றியே நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தியா இதில் பின்தங்கவில்லை என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஏர் இந்தியா 1960-இல் 707 விமானங்களை வாங்கி அந்த ஆண்டிலேயே நியூயார்க் வரை பறந்தது. 1962-இல் பிஸ்டன் விமானங்களை முற்றிலும் விட்டு, முழுக்க ஜெட் மட்டுமே இயக்கும் உலகின் முதல் நிறுவனமாக ஆயிற்று. அதன் 707-களில் இருந்தவை ரோல்ஸ் ராய்ஸின் கான்வே எஞ்சின்கள். எஞ்சினுக்குள் நுழையும் காற்றில் ஒரு பகுதியை எரிக்காமல் புறவழியாகவே பின்னே அனுப்பும் உத்தி பயணிகள் சேவைக்கு வந்தது இந்த எஞ்சினில்தான். எரியும் ஒரு பங்குக் காற்றுக்குச் சுமார் 0.3 பங்குதான் புறவழியில் போனது.

எங்கள் வடசென்னைப் பக்கத்துக்கு ஜெட் அவ்வளவு விரைவில் வந்துசேரவில்லை. இராயபுரம், மண்ணடி, முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் துறைமுகத்தின் வழியாகப் போவது. 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஆயிரக்கணக்கான தளப் பயணிகளை ஒரு வாரம் போல எடுத்துக்கொண்டு கொண்டுசென்றது. 1973-இல் அது ஓய்வு பெற, ‘சிதம்பரம்’ கப்பல் 1980-களின் நடுப்பகுதி வரை அந்தத் தடத்தில் ஓடியது. அந்தப் பயணம் நின்றுபோனதற்குக் கப்பலில் மூண்ட தீ ஒரு காரணம் என்றாலும், விமானக் கட்டணம் சரிந்ததே பெரிய காரணம். அந்தச் சரிவு, எஞ்சினின் முன்பக்கத்தில் நடந்த ஒரு மாற்றத்தால் வந்தது.

காசிமேட்டுத் துறையில் கரையேற்றிய விசைப்படகின் அடியில் இருக்கும் புரொப்பல்லரையும், ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் வெளிப்பொருத்து மோட்டாரின் சிறு புரொப்பல்லரையும் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு விளங்கும். பெரிய புரொப்பல்லர் நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுகிறது. சிறியது கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறது. கிடைக்கும் தள்ளுவிசை ஒன்றாகவே இருந்தாலும், வேகமாகப் பீய்ச்சும்போது அதிக ஆற்றல் பின்னால் கிடக்கும் நீரைக் கலக்குவதிலேயே வீணாகிறது. காற்றிலும் இதே விதிதான். 707-இன் முதல் எஞ்சின் சிறிதளவு காற்றைக் கடுமையாகச் சூடாக்கி, செவி கிழியும் வேகத்தில் பீய்ச்சியது. புறப்படும்போது கூடுதல் விசை பெறுவதற்காக எஞ்சினுக்குள் தண்ணீரையும் செலுத்தியதால் கரும்புகை பின்னால் நீண்டது. அதற்கு மாறாக, டர்பைனின் ஆற்றலைக் கொண்டு முன்னால் ஒரு பெரிய விசிறியைச் சுழற்றி, பெரும்பகுதிக் காற்றை எரிக்காமலேயே மெதுவாகத் தள்ளினால், அதே விசைக்குக் குறைந்த மண்ணெண்ணெய் போதும், இரைச்சலும் குறையும்.

1970 ஜனவரி 22 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளோடு பறந்த போயிங் 747, இந்தக் கணக்கை முதன்முதலாகப் பெரிய அளவில் போட்டுப் பார்த்தது. அதன் பிராட் அண்டு விட்னி எஞ்சினின் விசிறி 2.3 மீட்டர் குறுக்களவு. எரியும் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு காற்று புறவழியில் போனது. விமானத்தின் உடல் பெருத்ததும் மாடி வைத்ததும் கண்ணைக் கவர்ந்தன. ஆனால் அந்த எஞ்சின் இல்லையென்றால் அவ்வளவு பெரிய உடல் தரையைவிட்டே எழுந்திருக்காது. பெரிய விசிறியைக் கட்டுவது எளிதாகவும் இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினுக்குக் கார்பன் இழையில் இலேசான இதழ்களைச் செய்து பார்த்தது. பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்கக் கோழியை வேகமாக எறிந்து மோதவிட்ட சோதனையில் அவை நொறுங்கின. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. செலவு எகிறி, 1971 பிப்ரவரியில் அந்த நிறுவனம் நொடித்துப்போய் அரசுடைமையானது. பெரிய விசிறிக்கான கார்பன் இழை இதழ்கள் பயணிகள் சேவைக்கு வர, 1995-இல் 777 விமானத்தோடு ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜிஇ90 வரும்வரை கால் நூற்றாண்டு பிடித்தது.

இதே காலத்தில் வேகத்தையே குறியாகக் கொண்ட கான்கார்டு, ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில், நூறு பேருக்கு மேல் ஏற்றமுடியாத ஒல்லி உடலோடு 1976-இல் சேவைக்கு வந்தது. 1973-இல் எண்ணெய் விலை எகிறியபோதே அதன் வணிகக் கணக்கு முடிந்துவிட்டது. 2003 வரை இரு நாடுகளின் பெருமிதம் அதை ஓட்டியது.

எண்ணெய் நெருக்கடி யாருக்கு வழிவிட்டது என்றால், இரண்டே எஞ்சினில் அகன்ற உடலைத் தூக்கிய ஏர்பஸ் ஏ300-க்கு. 1974-இல் சேவைக்கு வந்த அது 1976-இல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் வந்தது. நான்கு எஞ்சின் வேலையை இரண்டு செய்தால் எரிபொருளும் பராமரிப்பும் மிச்சம். ஆனால் ஒன்று நின்றால் மற்றொன்றின் மேல் உயிரையே ஒப்படைக்க வேண்டும். அந்த அச்சம் வெறுங்கற்பனை இல்லை என்பதற்குச் சென்னைக்கு வரவேண்டிய ஒரு விமானமே சாட்சி. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் காரவெல் ஜெட்டில், எஞ்சினில் காற்றை அமுக்கும் சுழல் தட்டு ஒன்று உலோகச் சோர்வால் பிளந்து எரிபொருள் குழாயை அறுத்தது. தீ பரவி, கட்டுப்பாட்டை இழந்த விமானம் ஓடுபாதைக்குத் திரும்பும் முன் விழுந்தது. அதில் இருந்த 95 பேரும் இறந்தனர். நடிகை ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர். காமெட்டின் உடலில் இருந்த அதே நோய், இங்கே சுழலும் தட்டில்.

1953-இலிருந்தே அமெரிக்காவில், இரட்டை எஞ்சின் விமானம் எந்த நேரத்திலும் ஏதாவதொரு நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. பெருங்கடல்கள் மூன்று, நான்கு எஞ்சின் விமானங்களுக்கே உரியவை என்பது அதன் பொருள். உலோகத் தட்டுகளின் ஆயுளைச் சுழற்சிக் கணக்கில் வரையறுத்து, கெடுமுன்னே கழற்றிவிடும் ஒழுங்கு ஊன்றியதும் எஞ்சின் நின்றுபோகும் நிகழ்வுகள் அரிதாயின. 1985-இல் 767 விமானங்களுக்கு இரண்டு மணி நேரத் தொலைவும், 1988-இல் மூன்று மணி நேரமும் அனுமதிக்கப்பட்டன. நான்கு எஞ்சின் விமானங்களின் முடிவுக்கு நாள் குறிக்கப்பட்டது அப்போதுதான். 2007-இல் சேவைக்கு வந்த ஈரடுக்கு ஏ380-இன் உற்பத்தி 2021-இலேயே நின்றதும், கடைசி 747 விமானம் 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டதும் அந்த அனுமதியின் தொலைதூர விளைவுகள்.

சிறிய விமானங்களின் உலகில் இதே காலத்தில் நடந்தது இன்னும் சிக்கலான கதை. 1967-இல் முதலில் பறந்த போயிங் 737, சிறு நகரங்களின் வசதியற்ற நிலையங்களுக்காக வடிவமைக்கப்பட்டது. ஏணி வண்டியோ பெட்டி ஏற்றும் பட்டையோ இல்லாத இடத்திலும் ஆட்கள் தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்றலாம் என்பதற்காக அதன் கால்கள் குட்டையாக வைக்கப்பட்டன. அன்றைய எஞ்சின் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள ஒல்லிக் குழாய்; இறக்கையின் அடியில் ஒட்டியே பொருந்தியது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தவை இவைதான்.

விசிறி பெருக்கத் தொடங்கியதும் அந்தக் குட்டைக் கால்கள் தொல்லையாயின. 1984-இல் வந்த 737-300-க்கு, விசிறியின் குறுக்களவைக் குறைத்து, எஞ்சினின் அடியில் இருக்கவேண்டிய துணைக்கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, உறையின் அடிப்பகுதியைத் தட்டையாக்கினார்கள். விமான நிலையத்தில் 737 பலவற்றை நேர்முன்னே நின்று பார்த்தால், எஞ்சின் வாய் வட்டமாக இல்லாமல் அடியில் சப்பையாகவும் இருபுறமும் கன்னம் உப்பியும் இருப்பது தெரியும். பக்கத்திலேயே நிற்கும் ஏ320-இன் எஞ்சின் வாய் முழு வட்டம். 1988-இல் சேவைக்கு வந்த ஏ320, இருபது ஆண்டு பிந்திப் பிறந்ததால், பெரிய எஞ்சினுக்கு இடம்விட்டு உயரமான கால்களோடு வடிவமைக்கப்பட்டது. விமானியின் கைப்பிடி அசைவைக் கணினிகள் வாங்கி, மின்குறிகையாக இறக்கைக்கு அனுப்பும் முறையைச் சாதாரணப் பயணிகள் விமானத்துக்குக் கொண்டுவந்ததும் அதுவே. இந்தியாவுக்கு வந்த சில மாதங்களில், 1990 பிப்ரவரி 14 அன்று, பெங்களூரில் ஒரு ஏ320 இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னே விழுந்து 92 பேர் இறந்தனர். தானியங்கி எந்த நிலையில் இருக்கிறது என்பதை விமானிகள் கவனிக்கத் தவறுவது புதுவகை ஆபத்து என்பதை உலகம் அங்கே கற்கத் தொடங்கியது.

2010 டிசம்பரில் ஏர்பஸ், 2 மீட்டர் அளவு விசிறி கொண்ட புதிய எஞ்சின்களோடு ஏ320நியோவை அறிவித்தது. அடுத்த ஆண்டே, போயிங்கின் நெடுநாள் வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அந்தப் பக்கம் கைநீட்டியது. புதிதாக ஒரு விமானம் வடிவமைக்கப் பத்தாண்டு ஆகும். பழைய 737-க்கே புதிய எஞ்சினை மாட்டுவதென்று போயிங் 2011-இல் முடிவெடுத்தது. 1.76 மீட்டர் விசிறிக்கு இறக்கையின் அடியில் இடம் இல்லை. மூக்குச் சக்கரத்தின் காலை 20 சென்டிமீட்டர் உயர்த்தி, எஞ்சினை முன்னே தள்ளி, மேலே தூக்கி வைத்தார்கள். மூக்கு மேலெழும் சில நிலைகளில், முன்னே நீண்ட அந்த உறையே கூடுதலாகத் தூக்குவிசை தந்து மூக்கை இன்னும் மேலே தள்ளியது. அதைச் சரிக்கட்ட, மூக்கைத் தானாகக் கீழிறக்கும் மென்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டது. அது ஒரே ஒரு கோண உணரியை நம்பியது; விமானிகளின் கையேட்டில் அதைப்பற்றிய விளக்கமும் இடம்பெறவில்லை. உணரி தவறான அளவைக் காட்டியபோது, நேராகப் பறந்துகொண்டிருந்த விமானத்தின் மூக்கை அது மீண்டும் மீண்டும் அழுத்தியது. 2018 அக்டோபரில் ஜகார்த்தா அருகே 189 பேரும், 2019 மார்ச்சில் அடிஸ் அபாபா அருகே 157 பேரும் இறந்தனர். ஐம்பது ஆண்டுக்கு முன் பெட்டி ஏற்றும் வசதிக்காகக் காலைக் குட்டையாக்கிய முடிவை மட்டும் இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. புதுப் பயிற்சி தேவையில்லாத விமானம் என்று வாங்குபவர்களிடம் சொல்லவேண்டிய வணிக அவசரமே, ஒரு வடிவமைப்புச் சிக்கலை மறைக்கவேண்டிய சிக்கலாக மாற்றியது என்பது என் கருத்து.

உடலைக் கட்டும் பொருளிலும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 2011-இல் சேவைக்கு வந்த 787-இன் எடையில் ஏறத்தாழப் பாதி, கார்பன் இழைக் கலவை. எடை குறைந்தது ஒரு பலன். அழுத்தம் ஏறி இறங்குவதால் அலுமினியத்தைப்போல் அது விரைவில் சோர்ந்துவிடுவதில்லை என்பது இன்னொன்று. அதனால் பயணிகள் அறையின் அழுத்தத்தை, வழக்கமான 8,000 அடிக்குப் பதிலாக 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்க முடிகிறது. ஜன்னல்களையும் துணிந்து பெரிதாக்க முடிகிறது. நீண்ட பயணம் முடிந்து இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவும் சேர்ந்து டிக்கெட் விலையில் என்ன செய்தது என்பதை மண்ணடியின் டிராவல் ஏஜென்சிகளில் காணலாம். பெட்டிகளில் சரக்கு சுமந்துபோய் வரும் குருவிகளுக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் அங்கே டிக்கெட் போடுவது, ஒரு காலத்தில் விரைவுப் பேருந்துக்குப் போட்டதுபோல் சாதாரண வேலையாகிவிட்டது. சென்னையிலிருந்து டெல்லிக்கு நிரம்பிப் போகும் ஓர் ஏ320நியோவில் ஒரு பயணிக்கு எரியும் மண்ணெண்ணெய் சுமார் 40 லிட்டர் என்று மதிப்பிடலாம். ரேஷன் கார்டுக்கு மாதம் சில லிட்டர் அளந்து ஊற்றப்பட்ட காலத்தை நினைப்பவர்களுக்கு அதுவும் மலைப்பாகத்தான் இருக்கும். இந்திய விமான நிறுவனங்களின் செலவில் எரிபொருளே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுவதுண்டு என்பதால், அந்த அளவில் ஒரு லிட்டர் குறைந்தாலும் அது கணக்கில் தெரியும்.

அதனால்தான் இண்டிகோ 2016-இலேயே ஏ320நியோவை இயக்கத் தொடங்கியது. 2023 ஜூனில் மேலும் 500 விமானங்களுக்கு ஒரே தவணையில் ஆர்டர் கொடுத்தது. அதன் தொடக்ககால நியோக்களில் இருந்த பிராட் அண்டு விட்னி எஞ்சினில், விசிறிக்கும் டர்பைனுக்கும் இடையே ஒரு பற்சக்கரப் பெட்டி உண்டு. டர்பைன் வேகமாகவும் விசிறி அதன் மூன்றில் ஒரு பங்கு வேகத்திலும் சுழல்வதால், ஒரு பங்குக்குப் பன்னிரண்டு பங்கு காற்று புறவழியில் போகிறது, கான்வேயின் 0.3-லிருந்து இவ்வளவு தூரம். ஆனால் 2015-க்குப் பிறகு செய்த சில சுழல் தட்டுகளின் உலோகத் தூளில் மாசு கலந்திருந்ததும், அது விரிசலுக்கு வித்தாகலாம் என்பதும் 2023-இல் தெரியவந்தபோது, உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் எஞ்சின் பரிசோதனைக்காகத் தரையில் நின்றன. இந்தியாவிலும் பல நின்றன. பம்பாயில் பிளந்த தட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இம்முறை உயிர்ச்சேதத்துக்கு முன்பே ஆய்வு போய்ச் சேர்ந்தது.

விசிறி இனியும் பெருக்கவேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள உறையே தடையாகிறது. உறையின் எடையும் அது காற்றில் உண்டாக்கும் இழுவையும், விசிறியால் கிடைத்த மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்சின் சாஃப்ரானும் சேர்ந்து நடத்தும் சிஎஃப்எம் நிறுவனம், 2021-இல் அறிவித்த திட்டத்தில் உறையையே எடுத்துவிட்டு, சுமார் 4 மீட்டர் குறுக்களவுள்ள திறந்த விசிறியை உருவாக்கிவருகிறது. இன்றைய எஞ்சினைவிட எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. உறை இல்லாதபோது இரைச்சலை எப்படி அடக்குவது, ஓர் இதழ் பிய்ந்து பறந்தால் உடலை எப்படிக் காப்பது என்ற இரு கேள்விகளுக்கும் ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்கும் விடையை அவர்கள் தந்தாக வேண்டும். இன்று பறக்கும் 737-இன் இறக்கையிலோ ஏ320-இன் இறக்கையிலோ அந்த விசிறிக்கு இடமில்லை. அதற்கென்று உயரமான கால்களும், ஒருவேளை உடலின் மேற்பக்கம் பொருத்திய இறக்கையும் கொண்ட புதிய விமானம் ஒன்றை முதலிலிருந்து வரையவேண்டியிருக்கும்.